அமில-கார வினை எந்தப் பக்கம் சாயும்? பிகேஏ எண்களை வைத்துச் சொல்வது எப்படி

கேள்வி: ஈத்தைன் சோடாமைடோடு வினைபுரியும், சோடியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரியாது என்று புத்தகத்தில் இருக்கிறது. பீனால் சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும், சோடியம் பைகார்பனேட்டில் கரையாது என்றும் இருக்கிறது. பிகேஏ அட்டவணையைப் பார்த்தே இதையெல்லாம் சொல்லிவிடலாம் என்கிறார்கள். அட்டவணை கையில் இருக்கிறது. ஆனால் எந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? காரத்துக்கு ஏது பிகேஏ? அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்:

முதலில் நேரடியான விடை. ஒப்பிட வேண்டியது இரண்டு அமிலங்களை: வினைக்கு முன் இருக்கும் அமிலம், வினைக்குப் பின் உருவாகும் அமிலம். இரண்டில் எதன் பிகேஏ பெரியதோ, அது இருக்கும் பக்கம் சமநிலை சாயும். பிகேஏ (pKa) என்பது ஓர் அமிலம் எவ்வளவு எளிதில் புரோட்டானைக் (H⁺) கொடுக்கும் என்று காட்டும் எண். அது பெரியது என்றால் வலிமை குறைந்த அமிலம். ஆகவே எந்த அமில-கார வினையும் வலிமை குறைந்த அமிலத்தையும் வலிமை குறைந்த காரத்தையும் உண்டாக்கும் திசையில்தான் போகும்.

"காரத்துக்கு ஏது பிகேஏ?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாணவர்கள் தடுக்கி விழும் இடம் சரியாக இதுதான். காரத்துக்குப் பிகேஏ கிடையாது. அந்தக் காரம் ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டால் எது உருவாகுமோ, அந்த இணை அமிலத்துக்கு உண்டு. அந்த எண்ணைத்தான் அட்டவணையில் தேட வேண்டும்.

உங்கள் ஈத்தைனையே எடுத்துக்கொள்வோம். அதன் பிகேஏ 25. சோடியம் ஹைட்ராக்சைடு காரமாக வருகிறது. ஹைட்ராக்சைடு ஒரு புரோட்டானை வாங்கினால் தண்ணீர், அதன் பிகேஏ 15.7. இடப்பக்கம் 25, வலப்பக்கம் 15.7. பெரிய எண் இடப்பக்கம் இருப்பதால் ஈத்தைன் ஈத்தைனாகவே இருந்துவிடும். இப்போது சோடாமைடு (NaNH₂). அமைடு அயனி ஒரு புரோட்டானை வாங்கினால் அம்மோனியா, அதன் பிகேஏ 38. இடப்பக்கம் 25, வலப்பக்கம் 38. வினை வலப்பக்கம் ஓடும்.

எவ்வளவு தூரம் ஓடும் என்பதும் அதே எண்களில் இருக்கிறது. வலப்பக்க அமிலத்தின் பிகேஏயிலிருந்து இடப்பக்க அமிலத்தின் பிகேஏயைக் கழியுங்கள். கிடைக்கும் எண்ணை 10-இன் அடுக்காகப் போட்டால் அதுதான் சமநிலை மாறிலி. சோடாமைடுக்கு 38 − 25 = 13, மாறிலி 10¹³. ஹைட்ராக்சைடுக்கு 15.7 − 25 = −9.3, மாறிலி ஏறத்தாழ 200 கோடியில் ஒரு பங்கு. பிகேஏ மடக்கை அளவு என்பதால் ஒரு அலகு வித்தியாசம் பத்து மடங்கு, மூன்று அலகு ஆயிரம் மடங்கு. எண்கள் அருகருகே இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றினாலும் வேதியியல் ரீதியாக வெகுதூரம் தள்ளி இருக்கும்.

பிரான்ஸ்டெட்டும் லௌரியும் 1923-இல் தனித்தனியாகச் சொன்ன கருத்துதான் இதற்கெல்லாம் அடிப்படை: அமிலம் புரோட்டானைக் கொடுப்பது, காரம் அதை வாங்குவது. கொடுத்த பிறகு மீதமிருப்பது இணை காரம், வாங்கிய பிறகு உருவாவது இணை அமிலம். அதனால் எந்த வினையை எழுதினாலும் நான்கு பேர் இருப்பார்கள், பக்கத்துக்கு ஓர் அமிலம், ஓர் காரம். அட்டவணையைத் திறப்பதற்கு முன் இந்த நான்கையும் காகிதத்தில் எழுதி, எவை அமிலம் என்று குறித்துவிடுங்கள். இதைச் செய்பவர்களுக்குத் தவறு வருவது அபூர்வம். செய்யாதவர்களுக்கு எத்தனை அட்டவணை இருந்தாலும் போதாது.

ஒரே பெயருக்கு இரண்டு எண்

அம்மோனியாவின் பிகேஏ என்ன என்று இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் 9.25 என்று வரும், இன்னொரு இடத்தில் 38 என்று வரும். இரண்டும் சரி. ஆனால் இரண்டும் வெவ்வேறு சேர்மங்களுக்கு உரியவை. 38 என்பது அம்மோனியா தன் புரோட்டானை இழந்து அமைடு அயனியாவதற்கு. 9.25 என்பது அம்மோனியம் அயனி புரோட்டானை இழந்து அம்மோனியாவாவதற்கு. பல அட்டவணைகள் இரண்டாவது எண்ணை "அம்மோனியா" என்ற பெயருக்கு நேராகவே போட்டுவிடுகின்றன. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் முதல் முறை படிப்பவர் அதைப் பிரித்தறிய வழியே இல்லை.

ஒரே ஒரு கேள்வி கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்: இந்த வினையில் அம்மோனியா புரோட்டானைக் கொடுக்கிறதா, வாங்குகிறதா? கொடுத்தால் அது இடப்பக்க அமிலம், 38-ஐ எடுக்க வேண்டும். வாங்கினால் வலப்பக்கம் அம்மோனியம் உருவாகிறது, 9.25-ஐ எடுக்க வேண்டும். அசிட்டிக் அமிலம் (4.76) அம்மோனியாவோடு சேரும்போது அம்மோனியா வாங்குகிறது. 9.25 − 4.76 = 4.49, மாறிலி சுமார் 30 ஆயிரம். அம்மோனியம் அசிட்டேட் தாராளமாக உருவாகும்.

எல்லா அமீன்களுக்கும் இதே கதைதான். அனிலினியம் அயனியின் பிகேஏ 4.6. இதை "அனிலினின் பிகேஏ 4.6" என்று படித்துவிட்டு, "அப்படியென்றால் அனிலின் அசிட்டிக் அமிலத்தைவிட வலிய அமிலமா?" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி நியாயமானது, அட்டவணையின் தலைப்புதான் அப்படிக் கேட்க வைத்தது. அனிலின் நடைமுறையில் காரம். 4.6 சொல்வது அந்தக் காரம் எவ்வளவு சாதுவானது என்பதை: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முழுமையாக உப்பாகிவிடும், ஆனால் நீரில் அசிட்டிக் அமிலத்தோடு சம அளவில் கலந்தால் 4.6 − 4.76 = −0.16, மாறிலி சுமார் 0.7, கிட்டத்தட்ட பாதியில் நின்றுவிடும். மெத்திலமீனுக்கு உரிய எண் 10.6, ட்ரைஎத்திலமீனுக்கு 10.75. இவை அசிட்டிக் அமிலத்தை முழுமையாக உப்பாக்கும்.

பள்ளிப் பாடப்புத்தகங்கள் பலவற்றில் அமீன்களுக்குப் பிகேபி (pKb) என்ற, கார வலிமையைக் காட்டும் எண்தான் இருக்கும். அனிலினுக்கு 9.38, அம்மோனியாவுக்கு 4.75 என்று. அதை 14-இலிருந்து கழித்தால் இணை அமிலத்தின் பிகேஏ வந்துவிடும். கழித்துவிட்டு, பிகேபியை மறந்துவிடுங்கள். இரண்டு அளவுகோல்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது வீண் சிரமம்.

இதே கணக்கை மீன் கழுவும்போது நம் வீடுகளில் செய்கிறார்கள். மீன் கவிச்சிக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்திலமீன், அதன் இணை அமிலத்தின் பிகேஏ 9.8. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், முதல் பிகேஏ சுமார் 3. வித்தியாசம் ஏறத்தாழ 7, மாறிலி கிட்டத்தட்ட ஒரு கோடி. ஆவியாகி மூக்கைத் தொடும் அமீன், ஆவியாகாத உப்பாகித் தண்ணீரோடு போய்விடுகிறது. எலுமிச்சையோ வினிகரோ போட்டாலும் இதுவேதான் நடக்கும்.

பைகார்பனேட் சோதனை

உங்கள் இரண்டாவது உதாரணம் ஆய்வகத்தில் எல்லோரும் செய்யும் சோதனை. கரிமச் சேர்மத்தில் சோடியம் பைகார்பனேட் கரைசலை விட்டால் நுரைத்துப் பொங்கினால் கார்பாக்சிலிக் அமிலம், பொங்காவிட்டால் இல்லை என்று எழுதுவோம். அதன் பின்னால் இருக்கும் எண்களைப் பார்த்துவிட்டால் அந்த விதி எங்கே பொய்க்கும் என்பதும் தெரிந்துவிடும்.

பைகார்பனேட் புரோட்டானை வாங்கினால் கார்பானிக் அமிலம், பிகேஏ 6.35. பென்சாயிக் அமிலத்துக்கு 4.20. வித்தியாசம் 2.15, மாறிலி சுமார் 140. அதோடு, உருவான கார்பானிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிக்கொண்டே இருப்பதால் சமநிலை மேலும் மேலும் வலப்பக்கம் இழுக்கப்படுகிறது. பீனாலுக்கு 10. 6.35 − 10 = −3.65. மாறிலி ஏறத்தாழ 4,500-இல் ஒரு பங்குதான். கரையாது, பொங்காது. சோடியம் ஹைட்ராக்சைடோடு 15.7 − 10 = 5.7, மாறிலி 5 லட்சம். நன்றாகக் கரையும். இடையில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. கார்பனேட் புரோட்டானை வாங்கினால் பைகார்பனேட், அதன் பிகேஏ 10.33. பீனாலோடு வித்தியாசம் 0.33, மாறிலி 2. ஓரளவு கரையும், வாயு வராது. புத்தகங்கள் பீனாலும் கார்பனேட்டும் பற்றிப் பேசும்போது ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

இதைத் தலைகீழாகவும் படிக்கலாம். சோடியம் பீனாக்சைடு கரைசலில் கார்பன் டை ஆக்சைடை ஊதினால் என்ன ஆகும்? கார்பானிக் அமிலம் (6.35) பீனாலைவிட (10) வலியது. புரோட்டான் பீனாக்சைடுக்குப் போகும், பீனால் பிரிந்து வரும். ரங்கே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1834-இல் நிலக்கரித் தாரிலிருந்து பீனாலைப் பிரித்து அதற்குக் கார்பாலிக் அமிலம் என்று பெயர் வைத்தார். தாரிலிருந்து பீனாலை எடுக்கும் தொழிற்சாலை முறையும் இந்த எண்களின் மேல்தான் நிற்கிறது: தார் எண்ணெயைச் சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவுவார்கள், பீனால் உப்பாகி நீருக்கு வரும், பிறகு அந்த நீரில் கார்பன் டை ஆக்சைடை ஊதிப் பீனாலை விடுவிப்பார்கள். கந்தக அமிலம் போன்ற வலிய அமிலத்தைக் கொட்டத் தேவையே இல்லை. சோடியம் பென்சோயேட்டில் இதே வாயுவை ஊதினால் பென்சாயிக் அமிலம் வராது, 4.20 என்பது 6.35-ஐவிடச் சிறியது.

சோதனை பொய்க்கும் இடங்களுக்கு வருகிறேன். "பைகார்பனேட்டோடு பொங்கினால் கார்பாக்சிலிக் அமிலம்" என்பது உண்மையில் "பிகேஏ சுமார் 6-க்குக் கீழ் இருக்கும் ஏதோ ஒரு அமிலம்" என்ற செய்தி மட்டும்தான். பிக்ரிக் அமிலத்தில் கார்பாக்சில் தொகுதி கிடையாது, அது மூன்று நைட்ரோ தொகுதிகள் கொண்ட பீனால். பிகேஏ 0.4. ஜோராகப் பொங்கும். 2,4-டைநைட்ரோபீனாலும் (4.1) அப்படியே. வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலத்திலும் கார்பாக்சில் தொகுதி இல்லை. பிகேஏ 4.1-க்குப் பக்கம். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வைட்டமின் சி மாத்திரைகளில் பைகார்பனேட்டோடு வினைபுரிவதில் அதற்கும் பங்கு உண்டு. சல்ஃபோனிக் அமிலங்களைச் சொல்லவே வேண்டாம்.

கலவையைப் பிரிக்கும் பயிற்சியும் இதே எண்களின் பயன்பாடு. பென்சாயிக் அமிலம், 2-நாப்தால், பாரா டொலுயிடின், நாப்தலீன் நான்கும் ஈதரில் கரைந்திருக்கின்றன என்று வையுங்கள். பிரிபுனலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் குலுக்கினால் டொலுயிடின் (இணை அமிலம் 5.1) மட்டும் உப்பாகி நீர் அடுக்குக்கு வரும். அப்புறம் பைகார்பனேட். 4.20 உள்ள பென்சாயிக் அமிலம் வரும், 9.5 உள்ள நாப்தால் ஈதரிலேயே நிற்கும். அதற்குப் பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு, நாப்தால் வரும். நாப்தலீன் எதற்கும் அசையாமல் ஈதரில் கிடக்கும். இந்த வரிசையை மாற்றிப் பைகார்பனேட்டுக்கு முன்பே ஹைட்ராக்சைடை ஊற்றினால் பென்சாயிக் அமிலமும் நாப்தாலும் ஒன்றாக வந்துவிடும். மனப்பாடம் செய்த வரிசை தேர்வறையில் மறந்து போகலாம். 4, 6, 10, 16 என்ற நான்கு எண்கள் நினைவிருந்தால் வரிசையை அங்கேயே உருவாக்கிக்கொள்ளலாம். கடைசியில் பென்சோயேட்டை அமிலமாக்கி வீழ்படிவாக எடுக்கும்போது பிஎச் 4 வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பிஎச்சும் பிகேஏயும் சமமாகும் இடத்தில் கரைசலில் அமிலமும் உப்பும் சரிபாதியாக இருக்கும். 2 அலகு கீழே இறங்கினால்தான் கரைசலில் உப்பு வடிவம் நூறில் ஒரு பங்காகக் குறையும். பிஎச் 2 வரை இறக்குங்கள்.

ஒரு மூலக்கூறில் பல ஹைட்ரஜன்கள் இருந்தால்

எந்த ஹைட்ரஜன் முதலில் போகும் என்ற கேள்விக்கும் விடை அதே அட்டவணைதான். மிகச் சிறிய பிகேஏ உள்ளது முதலில் போகும். 4-ஹைட்ராக்சிபென்சாயிக் அமிலத்தில் கார்பாக்சில் ஹைட்ரஜன் 4.5-க்குப் பக்கம், பீனால் ஹைட்ரஜன் 9.3-க்குப் பக்கம். ஒரு மோல் காரம் போட்டால் கார்பாக்சிலேட், இரண்டு மோல் போட்டால் இரண்டும். எத்தில் அசிட்டோஅசிட்டேட்டில் இரண்டு கார்பனைல்களுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜனுக்கு 11, ஓரத்து மெத்திலில் இருப்பதற்கு அதைவிட மிகவும் அதிகம்.

கிரிக்னார்டு கரணியில் (கார்பனோடு மெக்னீசியம் பிணைந்த சேர்மம்) இதை மறந்தால் வினையே போய்விடும். மெத்தில் மெக்னீசியம் புரோமைடு புரோட்டானை வாங்கினால் மீத்தேன், பிகேஏ 50-ஐ ஒட்டி. அதன் முன்னால் தண்ணீர், ஆல்கஹால், அமீன், தயால், ஈத்தைன் எல்லாமே அமிலங்கள். கார்பனைலோடு சேர வேண்டிய கரணி, அதே மூலக்கூறில் ஒரு ஹைட்ராக்சில் இருந்தால் முதலில் அந்தப் புரோட்டானை எடுத்து மீத்தேனாகப் பறந்துவிடும். அந்த மீத்தேனின் கன அளவை அளந்து, சேர்மத்தில் எத்தனை செயல்படு ஹைட்ரஜன்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் செரிவிட்டினோவ் முறை. ஒருவருக்கு வினையைக் கெடுக்கும் விஷயம் இன்னொருவருக்கு அளவீட்டு முறையானது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

சமநிலை எதிராக இருந்தும் வினை நடப்பது

பிகேஏ வித்தியாசம் எதிர்மறையாக வந்தால் "வினை நடக்காது" என்று எழுதிவிடத் தோன்றும். கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. மாறிலி சிறியது என்றால் புரோட்டான் இழந்த வடிவம் கொஞ்சமாக இருக்கும் என்றுதான் பொருள். அந்தக் கொஞ்சம் வேறு ஏதாவது வினைக்குப் போய்த் தீர்ந்துகொண்டே இருந்தால், சமநிலை மீண்டும் மீண்டும் அதை நிரப்பும்.

அசிட்டோனின் பிகேஏ 19.3. ஹைட்ராக்சைடு அதிலிருந்து புரோட்டானை எடுக்கும் மாறிலி 10⁻³·⁶. ஆனாலும் சோடியம் ஹைட்ராக்சைடு வைத்தே பென்சால்டிஹைடையும் அசிட்டோனையும் சேர்த்து டைபென்சால் அசிட்டோனை மஞ்சள் படிகமாக எடுக்கிறோம். அந்தச் சொற்ப ஈனோலேட்டே (கார்பனைலுக்குப் பக்கத்துக் கார்பனில் புரோட்டான் இழந்த வடிவம்) போதும்.

இரண்டு எஸ்டர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேரும் கிளெய்சன் குறுக்கம் இதைவிட அழகானது. எத்தில் அசிட்டேட்டின் பிகேஏ 25, சோடியம் எத்தாக்சைடின் இணை அமிலம் எத்தனால் 16. மாறிலி 10⁻⁹, நூறு கோடியில் ஒன்று. அந்த அளவு ஈனோலேட்டை வைத்து எப்படி வினை முழுமையாகிறது? விடை கடைசிப் படியில் இருக்கிறது. உருவாகும் எத்தில் அசிட்டோஅசிட்டேட்டின் பிகேஏ 11. எத்தாக்சைடு அதன் புரோட்டானை எடுக்கும்போது 16 − 11 = 5, மாறிலி ஒரு லட்சம். இந்தக் கடைசிப் படிதான் முழு வினையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் எத்தாக்சைடை வினையூக்கி அளவில் போட்டால் போதாது, ஒரு முழு மோல் வேண்டும். இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. எத்தில் 2-மெத்தில்புரோப்பனோயேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன்னோடு தானே சேர்ந்தால் கிடைக்கும் விளைபொருளில் இரண்டு கார்பனைல்களுக்கு நடுவே ஹைட்ரஜனே இருக்காது. கடைசிப் படி நடக்க வழியில்லை. எத்தாக்சைடு வைத்து அந்த எஸ்டர் குறுக்க வினைக்கு உட்படுவதில்லை. எத்தாக்சைடைவிடப் பல மடங்கு வலிய காரம் தேவைப்படுகிறது.

எத்தில் அசிட்டேட்டை முழுமையாக ஈனோலேட்டாக்க வேண்டுமென்றால் வழி வேறு. எல்டிஏ (LDA, லித்தியம் டைஐசோபுரோப்பைலமைடு) என்ற வலிய காரத்தின் இணை அமிலமான டைஐசோபுரோப்பைலமீனின் பிகேஏ சுமார் 36. 25-க்கும் 36-க்கும் 11 அலகு. எஸ்டர் மிச்சமே இருக்காது. இங்கும் அந்த இரட்டை எண் சிக்கல் எட்டிப் பார்க்கும்: டைஐசோபுரோப்பைலமீனுக்கு 11 என்று போட்டிருக்கும் அட்டவணை, அது புரோட்டானை வாங்கிய அம்மோனியம் வடிவத்தைப் பற்றிப் பேசுகிறது.

எண் சொல்லாத விஷயங்களும் உண்டு. வேகத்தைப் பற்றி பிகேஏ எதுவும் சொல்லாது. ஆக்சிஜனிலும் நைட்ரஜனிலும் இருக்கும் புரோட்டான்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவாகவே எடுத்துக்கொண்டு இடம் மாறிவிடும். கார்பனில் இருப்பவை பல நேரம் மெதுவாக நகரும். நைட்ரோமீத்தேனின் பிகேஏ 10.2, பீனாலின் எண்ணுக்கு மிக அருகில். ஆனால் ஹைட்ராக்சைடு பீனாலிடம் புரோட்டான் எடுக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் நைட்ரோமீத்தேனிடம் எடுப்பது மிகவும் மெதுவானது. அதேபோல், காரம் புரோட்டானை மட்டும்தான் தேடும் என்ற உத்தரவாதமும் இல்லை. எத்தில் அசிட்டோஅசிட்டேட்டின் 11-க்கு ஹைட்ராக்சைடின் 15.7 தாராளம், பிறகு ஏன் எத்தாக்சைடைத்தான் பயன்படுத்துகிறார்கள்? ஹைட்ராக்சைடு எஸ்டரையே தாக்கி உடைத்துவிடும். மெத்தாக்சைடு எஸ்டரின் எத்தில் தொகுதியை மெத்திலாக மாற்றிவிடும். எத்தாக்சைடு தாக்கினாலும் அதே எத்தில் எஸ்டர்தான் திரும்பக் கிடைக்கும்.

எவ்வளவு மனப்பாடம் செய்வது?

ஒரு பன்னிரண்டு எண்கள் போதும், அவையும் தோராயமாக. ஹைட்ரோகுளோரிக் அமிலம் −7, ஹைட்ரோனியம் −1.7, கார்பாக்சிலிக் அமிலம் 4 முதல் 5, கார்பானிக் அமிலம் 6.4, அம்மோனியம் 9, பீனாலும் தயாலும் 10, தண்ணீரும் ஆல்கஹாலும் 16, கீட்டோன் 20, எஸ்டரும் ஈத்தைனும் 25, ஹைட்ரஜன் வாயு 35, அமீன் 36 முதல் 38, ஆல்கேன் 50. ஒவ்வொரு புத்தகமும் ஒன்றிரண்டு அலகு மாற்றிப் போட்டிருக்கும், குறிப்பாக இரு ஓரங்களிலும். −7-ஐயும் 50-ஐயும் நீரில் நேரடியாக அளக்க முடியாது, மறைமுகமாகக் கணக்கிட்டவை அவை. தண்ணீருக்கே 15.7 என்றும் 14 என்றும் இரண்டு எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கரிம வேதியியல் புத்தகங்கள் பெரும்பாலும் 15.7 போடும், 14-தான் சரி என்று வாதிடுபவர்களும் உண்டு. ஐந்து அலகுக்கு மேல் வித்தியாசம் உள்ள ஒப்பீடுகளில் இதனால் முடிவு மாறாது. தண்ணீரையும் ஆல்கஹாலையும் ஒப்பிடும்போது மட்டும் "இரண்டும் கிட்டத்தட்ட சமம், இரண்டு வடிவமும் கலந்திருக்கும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நல்லது.

பட்டியலில் இல்லாத சேர்மம் வந்தால் புரோட்டான் போன பிறகு மீதமாகும் எதிர்மின்சுமையைப் பாருங்கள். அது எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருக்கிறதோ அவ்வளவு அமிலத்தன்மை. சைக்ளோஹெக்சனாலும் (16) பீனாலும் (10) இரண்டுமே ஹைட்ராக்சில்தான், ஆனால் பீனாக்சைடில் சுமை உடனிசைவால் வளையத்துக்குப் பரவுகிறது. அசிட்டேட்டில் இரண்டு ஆக்சிஜன்கள் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன, 4.76. அசிட்டிக் அமிலத்தில் ஒரு குளோரின் சேர்த்தால் 2.87, மூன்று சேர்த்தால் 0.7-க்குப் பக்கம். தூண்டல் விளைவு எவ்வளவு வலுவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரிசை எனக்குத் தெரியாது. எத்தனால் 16, எத்தேன்தயால் 10.6: கந்தகம் பெரிய அணு, சுமை பரந்து உட்காருகிறது. ஈத்தேன் 50, எத்திலீன் 44, ஈத்தைன் 25: கார்பனின் கலப்பு ஆர்பிட்டாலில் எஸ் (s) ஆர்பிட்டாலின் பங்கு கூடக்கூட எலக்ட்ரான் ஜோடி கருவுக்கு அருகில் போகிறது. சைக்ளோபென்டாடையீன் ஒரு ஹைட்ரோகார்பன், ஆனாலும் பிகேஏ 16, ஆல்கஹாலுக்குச் சமம். புரோட்டான் போனதும் வளையம் அரோமேடிக் ஆகிவிடுவதே காரணம்.

கரைப்பான்

கடைசியாக ஒன்று, பல விளக்கங்களில் விட்டுப்போவது. மேலே சொன்ன எண்கள் எல்லாம் நீருக்கு உரியவை, அல்லது நீருக்கு ஏற்பக் கணக்கிட்டவை. கரைப்பானே ஒரு அமிலமாகவோ காரமாகவோ வினையில் கலந்துகொள்ளும். சோடாமைடைத் தண்ணீரில் போட்டு ஈத்தைனைச் செலுத்தினால் எதுவும் நடக்காது. அமைடு அயனி அதற்குள் தண்ணீரிடம் புரோட்டானை வாங்கி ஹைட்ராக்சைடை விட்டுவிட்டுப் போயிருக்கும். நீரில் ஹைட்ராக்சைடைவிட வலிய காரம் எதுவும் நிலைக்காது. அதனால்தான் அந்த வினையை −33 டிகிரியில் கொதிக்கும் திரவ அம்மோனியாவில் செய்கிறார்கள்.

டிஎம்எஸ்ஓ, அதாவது டைமெத்தில் சல்ஃபாக்சைடு போன்ற கரைப்பானில் எண்களே மாறிவிடும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் போர்டுவெல் குழுவினர் அந்தக் கரைப்பானில் ஏராளமான சேர்மங்களை அளந்து பெரிய அட்டவணையே கொடுத்திருக்கிறார்கள். அங்கே அசிட்டிக் அமிலம் 12.3, பீனால் 18, அசிட்டோன் 26.5, தண்ணீர் 31. நீர் எதிர்மின் அயனிகளை ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்கிப் பிடிக்கும், டிஎம்எஸ்ஓவால் அது முடியாது. ஆகவே எதிர்மின் அயனியைத் தரும் அமிலங்கள் எல்லாம் வலிமை குறைந்தவையாகத் தெரிகின்றன. அம்மோனியம் வகை அமிலங்களில் புதிதாக எதிர்மின் அயனி எதுவும் உருவாவதில்லை என்பதால் அவை அதிகம் நகர்வதில்லை. ட்ரைஎத்தில் அம்மோனியம் நீரில் 10.75, டிஎம்எஸ்ஓவில் 9.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீரில் அசிட்டிக் அமிலமும் ட்ரைஎத்திலமீனும்: 10.75 − 4.76 = 6, உப்பு முழுமையாக உருவாகும். டிஎம்எஸ்ஓவில்: 9 − 12.3 = −3.3, அமிலமும் அமீனும் பெரும்பாலும் நடுநிலை வடிவத்திலேயே இருக்கும். அதே இரண்டு சேர்மங்கள், சமநிலை எதிர்ப்பக்கம். இரண்டு அட்டவணைகளிலிருந்து ஆளுக்கு ஒரு எண் எடுத்துக் கழித்தால் வரும் விடைக்குப் பொருளே இல்லை.

இணையத்தில் கிடைக்கும் அட்டவணையில் எந்தக் கரைப்பான் என்று போடாமல் இருந்தால் தண்ணீருக்கு என்ன எண் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 15.7 அல்லது 14 என்றால் நீர் அட்டவணை. 31 என்றால் டிஎம்எஸ்ஓ அட்டவணை. இரண்டு எண்களும் அடுத்தடுத்த பத்திகளில் இருந்தால் உங்கள் வினை நடக்கும் கரைப்பானுக்கு உரிய பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு கழியுங்கள்.